சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டில் பிறந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலித் தொடர்கள், தொடர் பின்னங்கள் முதலிய துறைகளில் இவர் கண்டறிந்த முடிவுகள் இன்றளவும் ஆராயப்பட்டு வருகின்றன. முறையான பட்டம் ஏதும் பெறாமல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இவர், பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டு, இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 32 ஆண்டுகளே வாழ்ந்தார்.

இராமானுசன் என்றவுடன் பலருக்கும் 1729 என்னும் எண்ணே நினைவுக்கு வரும். ஆயினும் இவருடைய ஆய்வின் ஆழத்தை உணர 13 இலக்கங்கள் கொண்ட இரண்டு பெரிய முழு எண்கள் கூடுதலாக உதவும். ஒன்று 6746328388800, மற்றொன்று 3972999029388. முதல் எண் இவருக்குப் பட்டம் பெற்றுத் தந்த ஆய்வோடு தொடர்புடையது. இரண்டாவது எண், இவருடைய மிகச் சிறந்த கண்டுபிடிப்பின் சோதனைக் களமாக அமைந்தது.

பிறப்பும் இளமையும்

இராமானுசன் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தார். தாயார் கோமளத்தம்மாள். குடும்பம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வசித்தது. இராமானுசன் 1898 முதல் 1904 வரை கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றார்.

1903-ஆம் ஆண்டளவில் ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் இவருக்குக் கிடைத்தது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக எழுதப்பட்ட அந்நூலில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை, அல்லது மிகச் சுருக்கமாக இருந்தன. இராமானுசன் ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்த்து, அங்கிருந்து புதிய முடிவுகளுக்குச் சென்றார். முடிவை மட்டும் எழுதி, அதை அடைந்த வழியை எழுதாமல் விடும் பழக்கம் இந்நூலின் தாக்கத்தால் வந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். காகிதம் விலை மிகுந்த பொருளாக இருந்ததால் கணக்குகளைக் கற்பலகையில் போட்டு, முழங்கையால் அழித்து, இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் என்பதும் இதற்கு மற்றொரு காரணமாகும்.

தேர்வுகளில் தோல்வி

1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகையும் நின்றது. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் இடைநிலைக் கலைத் தேர்வில் தோல்வியுற்றார். 1907-இல் மீண்டும் எழுதியும் பயனில்லை. எனவே பல்கலைக்கழகப் பட்டத்திற்கான வழி இவருக்கு அடைபட்டது.

1909-இல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. பிழைப்புக்கு ஒரு வேலை தேடும் கட்டாயம் ஏற்பட்டது. குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு, உதவக்கூடியவர்களை நாடிச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவருமான வி. இராமசாமி ஐயர் இவருடைய திறமையை உடனே உணர்ந்தார். நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் இவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அது பெர்னூலி எண்களின் பண்புகளைப் பற்றியது.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர்

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். இப்பணிக் காலத்தில் சில மாதங்கள், துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன் பகுதியில் சைவ முத்தையா முதலி தெருவில் வசித்தார்.

துறைமுகத்தில் இவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் பயின்றவர். இந்தியக் கணிதக் கழகத்தில் பொறுப்பு வகித்தவர். அலுவல் முடிந்த பின் இருவரும் கணிதத்தில் ஈடுபட்டனர். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இராமானுசன் தாவிச் செல்வதைப் பிறர் பின்தொடர முடியாது என்பதால், இடைப்படிகளையும் எழுதுமாறு நாராயண ஐயர் இவரைத் தூண்டினார். துறைமுகத் தலைவராக இருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இவர்மீது அக்கறை கொண்டார். இங்கிலாந்துக் கணிதவியலாளர்களுக்குக் கடிதம் எழுதுமாறு இவர்கள் ஊக்கமளித்தனர்.

ஹார்டிக்கு எழுதிய கடிதம்

1913 சனவரி 16 அன்று, கேம்பிரிட்ச் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜி. எச். ஹார்டிக்கு இராமானுசன் கடிதம் எழுதினார். தாம் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் பெறும் எழுத்தர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, நிறுவல் ஏதுமின்றிப் பல முடிவுகளை இணைத்திருந்தார். ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்தனர். சில முடிவுகள் ஏற்கனவே அறியப்பட்டவை; சில தவறானவை; வேறு சில முற்றிலும் புதியவை. இவற்றை எழுதியவர் உயர்ந்த கணித மேதையாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார்.

இராமானுசன் ஹார்டிக்குத் தெரிவித்த முடிவுகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒரு முடிவிலித் தொடரின் தலைகீழை விரித்தால் வரும் கெழுக்கள் யாவும் முழு எண்கள். ஒவ்வொரு கெழுவும் தாம் தந்த ஒரு சிறு வாய்பாட்டின் மதிப்புக்கு மிக அண்மையில் உள்ள முழு எண்ணே என்று இவர் கூறியிருந்தார். இக்கூற்று தவறானது. வாய்பாடு நல்ல தோராயத்தைத் தருமே தவிர, சரியான முழு எண்ணை எப்போதும் தருவதில்லை. ஆயினும் இராமானுசன் செய்த மிகப் பயனுள்ள தவறுகளுள் இதுவும் ஒன்று என ஹார்டி பிற்காலத்தில் மதிப்பிட்டார். ஒரு பெரிய முழு எண்ணைத் தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட வாய்பாட்டால் துல்லியமாகப் பிடிக்க முடியும் என்ற இந்த எண்ணமே பிரிவினைகள் பற்றிய கூட்டாய்வுக்கு வித்திட்டது.

1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. பட்டம் இல்லாத ஒருவருக்கு இவ்வுதவி கிடைத்தது விதிவிலக்கான நிகழ்வாகும். கடல் கடந்து செல்வது குடும்ப வழக்கத்திற்கு மாறானது என்பதால் தொடக்கத்தில் தயங்கிய இராமானுசன், பின்னர் இசைந்து 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டார்.

உயர் பகு எண்கள்: 6746328388800

கேம்பிரிட்ச் சென்ற பின் இராமானுசன் வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரை உயர் பகு எண்களைப் பற்றியது. அது 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியானது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுஎண்கள் எனப்படும். 10-க்கு 1, 2, 5, 10 என 4 வகுஎண்கள் உண்டு. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என 6 உண்டு. 12-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 6 வகுஎண்கள் இல்லை. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிக வகுஎண்களைக் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்று இராமானுசன் வரையறுத்தார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என இவ்வரிசை தொடரும். நாளை 60 நாழிகையாகவும் 24 மணியாகவும் பகுத்தது போன்ற பழைய அளவைகளில் இவ்வெண்கள் அடிக்கடி வருவதைக் காணலாம். பல வகையாகச் சம பங்கிட இடம் தருவதே இவற்றின் சிறப்பு.

கட்டுரையில் இராமானுசன் 102 உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். அவற்றுள் இறுதியானது 6746328388800, அதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800 ஆகும். இதன் பகாக் காரணிகள் பின்வருமாறு:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்குடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. இந்த எண்ணின் சில பண்புகள்:

• இதைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் 10080 வகுஎண்கள் இல்லை.
• 1 முதல் 28 வரை உள்ள எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். வகுபடாத முதல் எண் 29.
• 2 முதல் 23 வரை உள்ள பகா எண்கள் ஒன்றும் விடுபடாமல் காரணிகளாக வருகின்றன. அவற்றின் அடுக்குகள் (6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1) எங்கும் ஏறுவதில்லை.
• வகுஎண்களின் எண்ணிக்கையான 10080-உம் ஓர் உயர் பகு எண்ணே. அதற்கு 72 வகுஎண்கள் உண்டு.

அடுக்குகள் ஏறாமல் அமைவது எல்லா உயர் பகு எண்களுக்கும் பொருந்தும். காரணம் எளியது. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கும், சிறிய பகா எண்ணுக்குச் சிறிய அடுக்கும் இருந்தால், அவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் வகுஎண்கள் கொண்ட சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற உயர் பகு எண்களில் மிகப் பெரிய பகாக் காரணியின் அடுக்கு 1 ஆகவே இருக்கும் என்பதையும், அடுத்தடுத்த உயர் பகு எண்களின் விகிதம் 1-ஐ நெருங்கிச் செல்லும் என்பதையும் இராமானுசன் நிறுவினார்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் செய்யப்பட்ட இப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போனது. அது 293318625600. இது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என அமைந்து 5040 வகுஎண்களைக் கொண்டது. இதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணான 6746328388800 கிடைக்கும் என்பது வியப்பான பொருத்தம்.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் ஆய்வின் வழியாக இவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. அதற்கு அடிப்படையாக அமைந்தது உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வே. இந்தியாவில் இடைநிலைத் தேர்வில் தேறாதவர் பெற்ற முதல் பட்டம் இதுவாகும். முதல் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் கணிதக் கழகத்திற்கு நிதி நெருக்கடி இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகவில்லை. அப்பகுதி 1997-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் இருவரின் குறிப்புகளுடன் வெளியிடப்பட்டது.

பிரிவினை எண்கள்: 3972999029388

ஒரு முழு எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக எழுதும் முறை பிரிவினை எனப்படும். கூட்டும் வரிசை கணக்கில் கொள்ளப்படாது. எடுத்துக்காட்டாக, 4 என்னும் எண்ணை 4, 3 + 1, 2 + 2, 2 + 1 + 1, 1 + 1 + 1 + 1 என ஐந்து வகையாக எழுதலாம். எனவே 4-இன் பிரிவினை எண் 5 ஆகும். 5-க்கு 7, 10-க்கு 42, 50-க்கு 204226, 100-க்கு 190569292. எண் சிறிது வளர்ந்தாலும் பிரிவினைகள் மிக விரைவாகப் பெருகுகின்றன.

200-இன் பிரிவினை எண் 3972999029388. அதாவது 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388. நொடிக்கு ஒரு பிரிவினை என்று எண்ணினால் எண்ணி முடிக்க 1,25,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட முறைப்படி, முந்தைய பிரிவினை எண்களைக் கூட்டியும் கழித்தும் அடுத்த பிரிவினை எண்ணைப் பெறலாம். 200-க்கான விடையை அடைய முந்தைய எண்களில் 22-ஐப் பயன்படுத்த வேண்டும். அவ்வெண்களையும் ஒன்றன்பின் ஒன்றாக முன்னரே கணக்கிட்டிருக்க வேண்டும். இடையில் ஒரு பிழை நேர்ந்தால் அதற்குப் பின் வரும் விடைகளையும் அது பாதிக்கும். படிப்படியாக ஏறாமல் 200-க்கு நேரடியாக விடை தரும் வாய்பாடு உண்டா என்பதே இராமானுசனும் ஹார்டியும் எடுத்துக்கொண்ட கேள்வி.

இவர்கள் முதலில் அடைந்த எளிய தோராய வாய்பாடு 200-க்கு ஏறத்தாழ 4,10,000 கோடி என்று தருகிறது. உண்மை விடையிலிருந்து இது சுமார் 3 விழுக்காடு விலகியது. பெரும்பாலான தேவைகளுக்கு இது போதுமானது. ஆனால் இராமானுசன் இதனுடன் நிறைவடையவில்லை. துல்லியமான முழு எண்ணையே பிடிக்கும் வாய்பாடு இருந்தாக வேண்டும் என்பதில் இவர் உறுதியாக இருந்தார். பல உறுப்புகள் கொண்ட ஒரு தொடர் உருவாக்கப்பட்டது. அதில் எண்ணுக்குப் பதிலாக, எண்ணிலிருந்து 1/24-ஐக் கழித்த மதிப்பைப் பயன்படுத்த வேண்டும் என்பது முக்கியமான நுட்பமாகும். இதை நிறுவத் தேவையான பகுப்பாய்வு முறைகளை ஹார்டி நன்கு அறிந்திருந்தார். இருவருடைய திறமைகளும் சேர்ந்ததாலேயே இத்தேற்றம் உருப்பெற்றது.

வாய்பாட்டைச் சோதிக்க ஒரு பெரிய எண் தேவைப்பட்டது. பெர்சி மேக்மகன் என்பவர் இதற்கு உதவினார். இவர் இளமையில் பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியாகச் சென்னையில் பணியாற்றியவர். விரைவாகக் கணக்கிடுவதில் வல்லவர். 1 முதல் 200 வரையிலான பிரிவினை எண்களைக் கையால் கணக்கிட்டு அட்டவணை தயாரித்தார்.

முதலில் 100-க்குச் சோதனை செய்யப்பட்டது. தொடரின் ஆறு உறுப்புகளைக் கூட்டியபோது 190569291.996 கிடைத்தது. உண்மை விடை 190569292. அடுத்து 200-க்கு எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது 3972999029388.004 கிடைத்தது. மேக்மகனின் கணக்கு 3972999029388 என்று இருந்தது. 13 இலக்கங்கள் கொண்ட எண்ணில் பிழை ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே. பின்னம் கொண்ட விடையை அண்மையிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் சரியான விடை கிடைத்துவிடும். முந்தைய தவறான கூற்றில் இராமானுசன் எதிர்பார்த்தது இங்கு உண்மையாகவே நிறைவேறியது.

இம்முடிவு 1918-இல் மேக்மகனின் அட்டவணையுடன் வெளியானது. இதில் கையாளப்பட்ட முறை பின்னர் வட்ட முறை எனப் பெயர் பெற்று, எண் கோட்பாட்டின் முதன்மையான கருவிகளுள் ஒன்றாயிற்று. 1937-இல் ஹான்ஸ் ராடமாக்கர் வாய்பாட்டைச் சிறிது மாற்றி, முடிவின்றிக் கூட்டினால் பிழையே இல்லாத விடை தரும் தொடராக ஆக்கினார்.

பிரிவினை எண்களின் வகுபடுந்தன்மை

மேக்மகன் தயாரித்த அட்டவணை வாய்பாட்டைச் சரிபார்க்கவே பயன்பட்டது. ஆனால் இராமானுசன் அதில் வேறொன்றையும் கண்டார். 4, 9, 14, 19, 24 ஆகிய எண்களின் பிரிவினை எண்கள் முறையே 5, 30, 135, 490, 1575. இவை யாவும் 5-ஆல் வகுபடும். 5, 12, 19 ஆகியவற்றின் பிரிவினை எண்கள் 7, 77, 490. இவை 7-ஆல் வகுபடும். 6, 17, 28 ஆகியவற்றின் பிரிவினை எண்கள் 11, 297, 3718. இவை 11-ஆல் வகுபடும்.

இவ்வொழுங்குகள் முடிவின்றித் தொடர்கின்றன. 5, 7 ஆகியவற்றுக்கான நிறுவல்களை இவர் 1919-இல் வெளியிட்டார். கூட்டல் மட்டுமே கொண்டு வரையறுக்கப்பட்ட எண்களில் வகுத்தல் பற்றிய இத்தகைய ஒழுங்கு மறைந்திருக்கும் என்று அதற்கு முன் எவரும் எதிர்பார்க்கவில்லை.

இவற்றை இணைப்பது 24 என்னும் எண்ணாகும். ஓர் எண்ணை 24-ஆல் பெருக்கி 1-ஐக் கழிக்க வேண்டும். 4-க்கு 95 வரும். அது 5-இன் மடங்கு. 5-க்கு 119 வரும். அது 7-இன் மடங்கு. 6-க்கு 143 வரும். அது 11-இன் மடங்கு. மேலே கண்ட வாய்பாட்டில் வந்த 1/24-உம் இதுவும் ஒரே மூலத்திலிருந்து வருபவை. 24-க்கு இவ்வாறு கணக்கிட்டால் 575 வரும். அது 25-இன் மடங்கு. 24-இன் பிரிவினை எண்ணான 1575-உம் 25-இன் மடங்கே. 199 என்னும் எண்ணும் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் பிரிவினை எண் 3646072432125, இறுதி இரு இலக்கங்கள் 25.

இதே ஒழுங்கு 5, 7, 11 ஆகியவற்றின் எல்லா அடுக்குகளுக்கும் பொருந்தும் என்று இராமானுசன் ஊகித்தார். இந்த ஊகம் 1934-இல் ஓர் எண்ணால் மறுக்கப்பட்டது. இந்தியக் கணிதவியலாளர் ஹன்ஸ்ராஜ் குப்தா பிரிவினை அட்டவணையை 300 வரை நீட்டியிருந்தார். அதில் 243-இன் பிரிவினை எண் 133978259344888 என இருந்தது. 243-ஐ 24-ஆல் பெருக்கி 1-ஐக் கழித்தால் 5831 வரும். அது 343-இன், அதாவது 7³-இன் மடங்கு. ஊகம் சரியானால் அந்த 15 இலக்க எண்ணும் 343-ஆல் வகுபட வேண்டும். ஆனால் அது 49-ஆல் மட்டுமே வகுபடுகிறது. 343-ஆல் வகுத்தால் 245 மீதி வருகிறது. மற்றோர் இந்தியக் கணிதவியலாளரான சர்வதமன் சௌலா இதைச் சுட்டிக்காட்டினார்.

1938-இல் ஜி. என். வாட்சன் 5-இன் அடுக்குகளுக்கு ஊகத்தை நிறுவியதுடன், 7-இன் அடுக்குகளுக்குத் திருத்திய வடிவத்தையும் நிறுவினார். 11-இன் அடுக்குகளுக்கு 1967-இல் ஏ. ஓ. எல். அட்கின் நிறுவல் தந்தார். 2000-ஆம் ஆண்டில் கென் ஓனோ, 5-உம் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பகா எண்ணுக்கும் இவ்வகை ஒழுங்குகள் உண்டு என்று காட்டினார்.

1729 என்னும் எண்

இராமானுசன் நோயுற்று இலண்டனின் பட்னி பகுதியில் சிகிச்சை பெற்றபோது, அவரைக் காணச் சென்ற ஹார்டி தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு ஏதும் தெரியவில்லை என்றும் கூறினார். இராமானுசன் உடனே மறுத்து, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று விளக்கினார்.

1729 = 1³ + 12³ = 9³ + 10³

இப்பண்பு 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் அறியப்பட்டிருந்தது. எனினும் இராமானுசனின் விடை நொடிப்பொழுதில் தோன்றிய மனக்கணக்கு மட்டுமன்று. இரு கன எண்களின் கூட்டல் மற்றொரு கன எண்ணிலிருந்து 1 மட்டுமே வேறுபடும் இடங்களை இவர் தனியே ஆராய்ந்திருந்தார். இவருடைய தாள்களில் பின்வரும் சமன்பாடுகள் காணப்படுகின்றன:

9³ + 10³ = 12³ + 1
135³ + 138³ = 172³ − 1
11161³ + 11468³ = 14258³ + 1

தவறாக இவர் பெயரில் வழங்கும் எண்

262537412640768744 என்னும் 18 இலக்க எண்ணுடன் தொடர்புடைய ஒரு மதிப்பு இராமானுசன் மாறிலி என்று வழங்கப்படுகிறது. வட்ட விகிதமான பையை 163-இன் வர்க்க மூலத்தால் பெருக்கி, இயல் மடக்கையின் அடிமானத்தை அந்த அளவு அடுக்குக்கு உயர்த்தினால், விடை இம்முழு எண்ணிலிருந்து மிக மிகச் சிறிய அளவே குறைவாக இருக்கும். இந்த முழு எண் 640320³ + 744 என்பதற்குச் சமம்.

இதை 1859-இலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் எர்மிட் அறிந்திருந்தார். 1975 ஏப்ரலில் மார்ட்டின் கார்ட்னர், அம்மதிப்பு மிகச் சரியாக முழு எண்ணே என்றும் இராமானுசன் அதை ஊகித்திருந்தார் என்றும் முட்டாள்கள் தின வேடிக்கையாக எழுதினார். அதன் பின்னரே இப்பெயர் பரவியது. இராமானுசன் 1914-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதே வகையில் 163-க்குப் பதிலாக 22, 37, 58 ஆகியவற்றைக் கையாண்டிருந்தார். 58-க்குக் கிடைக்கும் மதிப்பு 24591257751.99999982 என்று அதில் தரப்பட்டுள்ளது.

நோயும் மறைவும்

போர்க்கால இங்கிலாந்தில் இராமானுசனின் உணவுப் பழக்கத்திற்கு ஏற்ற காய்கறிகள் கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் ஓயாத உழைப்பும் உடலை வாட்டின. 1917-இல் நோயுற்று, பல மருத்துவமனைகளில் மாறி மாறித் தங்கினார். அக்காலத்தில் இது காசநோய் எனக் கருதப்பட்டது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய அமீபாத் தொற்றாக இருந்திருக்கலாம் என்பது 1994-இல் முன்வைக்கப்பட்ட கருத்து.

1918-இல் அரச கழக உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிரினிட்டியில் இச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். படுக்கையிலிருந்தபடியே இறுதி நாள்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். மனைவி ஜானகி அம்மாள் சென்னையில் வாழ்ந்து 1994-இல் மறைந்தார்.

இறுதி ஆண்டில் எழுதப்பட்ட தாள்கள் நெடுங்காலம் கவனிப்பாரின்றி இருந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றை டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். அவை தொலைந்த குறிப்பேடு என வழங்கப்படுகின்றன. முந்தைய குறிப்பேடுகளின் படிகளை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957-இல் வெளியிட்டது. அவற்றிலுள்ள முடிவுகளுக்கு நிறுவல்களைத் தொகுத்து புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்.

வடசென்னையில் நினைவு

இராமானுசன் எழுத்தராக வாழ்ந்த துறைமுகப் பகுதியில் இவருடைய நினைவைப் போற்றியவர்களுள் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் குறிப்பிடத்தக்கவர். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய இவர், இராமானுசனை நேரில் அறிந்தவர்களின் நினைவுகளையும் கடிதங்களையும் திரட்டினார். அத்தொகுப்பு 1968-இல் அப்பள்ளியின் வாயிலாக நூலாக வெளிவந்தது. 1993-இல் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கப்பட்டபோது அதை உருவாக்கும் பணியிலும் இவர் ஈடுபட்டார்.

இராமானுசனின் 125-ஆம் பிறந்த ஆண்டான 2012-ஐ இந்திய அரசு தேசிய கணித ஆண்டாக அறிவித்தது. இவர் பிறந்த நாளான டிசம்பர் 22 தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.